பாரிஸ் கலியாணத்துக்கு ஒரு வீட்டு வண்டி

அந்த வண்டியை நாங்கள் ஊர் சுற்றுவதற்காக வாங்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஹம் நகரில் எங்களைத் தெரிந்தவர்கள் எல்லோரும், "என்ன அண்ணை, ஊர் சுத்தப் போறியளோ?" என்று கேட்டுக் கேட்டே என் உயிரை எடுத்தார்கள். முதுகில் சத்திரசிகிச்சை நடந்த பிறகு என் மனைவியால் சேர்ந்தாற்போல் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து இருக்க முடியாது. அதற்குமேல் போனால் கால் விறைத்துவிடும், உடனே நீட்டி நிமிர்ந்து படுக்க வேண்டும். அவளுடைய ஒரே அக்கா பாரிஸில் இருக்கிறார். அக்காவின் மகளுக்குக் கோடையில் கலியாணம். காரிலும் ரயிலிலும் முடியாத பயணத்தைக் கட்டில் உள்ள வண்டியில் செய்யலாம், கொஞ்சத் தூரம் ஓடி, நிறுத்தி, அவளைப் படுக்கவிட்டு, மறுபடி ஓடலாம் என்பது என் திட்டம். அந்தத் திட்டத்தில் ஒரு பிழையும் இருக்கவில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

பீலெஃபெல்டுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் ஒரு ஜெர்மன்காரர் தன் பழைய வீட்டு வண்டியை விற்க இருந்தார். உள்ளே கட்டில், அடுப்பு, சின்னக் கழிப்பறை எல்லாம் உண்டு. வாகனங்களைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று சொல்லித் திரியும் நண்பன் ஒருவனையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை காலையிலேயே போய்விட்டேன். விற்கிறவர் வண்டியின் பக்கத்தில் ஒரு பாயை விரித்து, கையில் டோர்ச் லைட்டோடு நின்றார். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்றார். என் நண்பனோ கைத்தொலைபேசியில் நேரத்தைப் பார்த்தான்.

"மச்சான், ஒன்பதுக்கு ராகுகாலம் துவங்குது. அதுக்கு முன்னம் காசைக் குடுத்துத் திறப்பை வாங்கு. அடியில என்ன இருக்கப்போகுது?"

நானும் மண்டையை ஆட்டினேன். அந்த மனுசன் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சட்டப்படி செய்ய வேண்டிய அடுத்த வாகனப் பரிசோதனை கோடையில் வருகிறது, மறக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

முதல் மழைக்கே கட்டிலுக்குப் பின்னால் சுவர் நனைந்தது. விரலால் அழுத்தினேன், தேநீரில் தோய்த்த பாண் போல உள்ளே போனது. நான் தொழிற்சாலையில் பொதி கட்டுகிறவன், தச்சன் இல்லை. இருந்தும் அந்தக் குளிர்காலத்துச் சனி, ஞாயிறு எல்லாம் அந்த வண்டிக்குள்தான் கழிந்தன. உக்கிய பலகையைக் கழற்றினேன், புதுப் பலகை வைத்தேன், அளவு பிழைத்து அதையும் கழற்றினேன். உதவிக்கு வந்தவர்களைப் பற்றிப் பேசாமல் விடுவது நல்லது. ஒருவர் ஜன்னலில் ஒழுக்கை அடைக்கிறேன் என்று ஜன்னலையே திறக்க ஏலாதபடி ஒட்டிவைத்தார். இன்னொருவர் தண்ணீர்ப் பம்பைத் திருத்தினார், அன்றிலிருந்து விளக்கு எரியவில்லை. எல்லோரும் தேநீர் குடித்து, வடை சாப்பிட்டு, எனக்குப் புத்தியும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மனைவிதான் உருப்படியாக ஒன்று செய்தாள். இருந்து தைக்க முடியாததால், குசினியில் சமையல் மேசையோடு சாய்ந்து நின்றபடியே மெத்தைக்கு உறை தைத்தாள். நீலத்தில் சின்னப் பூப் போட்ட துணி. மாலையில் அக்காவோடு தொலைபேசியில் கதைக்கும்போது, "நான் படுத்துக்கொண்டே வாறன் அக்கா, ராணி மாதிரி" என்று சிரிப்பாள்.

கலியாணத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். பரிசோதகர் புதுச் சுவரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வண்டியை மேலே தூக்கி, அடிச்சட்டத்தில் ஸ்குரூ டிரைவரால் குத்தினார். துரு பொலபொலவென்று கொட்டியது, கருவி மறுபக்கம் வந்தது. இப்படியே வீதியில் ஓட முடியாது, துருப்பிடித்த இரும்பை வெட்டிப் புது இரும்பு வைத்து ஒட்ட வேண்டும் என்றார். ஏறி இறங்கிய கராஜ் எல்லாவற்றிலும் கலியாணத்துக்குப் பிறகு ஒரு நாளுக்குத்தான் டெர்மீன் கிடைத்தது. வாடகைக்கு எடுக்கலாம் என்றால் பள்ளிக்கூட விடுமுறை, ஒரு வண்டியும் மிச்சமில்லை. ஆத்திரம் தாங்காமல் நண்பனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"கண்ணூறு மச்சான்," என்றான். "வண்டிக்கு முன்னால ஒரு தேசிக்காய் கட்டியிருக்கலாம்."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுத் துண்டித்தேன். அதற்குப் பிறகு அவனோடு கதைக்கவில்லை.

கலியாணத்தன்று மனைவி விடியவே எழும்பித் தலைக்குக் குளித்து, பாரிஸில் உடுக்கவென்று வாங்கிய சேலையை உடுத்திக்கொண்டு கட்டிலில் படுத்தாள். அங்கே யாரோ ஒரு பிள்ளை எங்களுக்காகக் காணொளி அழைப்பில் மணவறையைக் காட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய கை சோர்ந்துவிடும் என்பதால் தொலைபேசியை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். மேளம் உச்சத்துக்குப் போனது, தாலி ஏறியது. ஆட்களின் தோள்களும் பூவும்தான் எங்களுக்குத் தெரிந்தன. என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"வண்டியைத் திருத்தி எடுத்ததும் ஒருக்கால் போவம்," என்றேன். "பொம்பிளை மாப்பிளையை வீட்டிலயே பாக்கலாம்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அக்காவுக்கு ஒரு பிள்ளைதான்," என்றாள். "கொஞ்சம் கிட்டப் பிடியுங்கோ. அக்காவின்ர முகம் தெரியேல்லை."