பெத்தன் பேரை மாற்றிப் பாடியவர்

செம்பாறைப்பட்டிக் கூட்டுறவுச் சங்கத்தில் யூரியா நிறுத்துப் போடும் எழுத்தர் ஞானமணிக்கு, மாசி மாதம் ஒருநாள் மட்டும் வேறு வேலை. மதியச் சாப்பாடு முடிந்ததும் உடுக்கையை எடுத்துக்கொண்டு சடையாண்டி கோயில் வாசலில் போய் நிற்பார்.

சடையாண்டி வெள்ளைக்காரக் கம்பெனி காலத்துக் கள்ளன். திருக்கோஷ்டியூர்ப் பாதையில் வண்டி மறித்தவன். புளியமரத்தில் தூக்கிலிட்ட பிறகு சாமியாகிவிட்டான். அவன் கதையைப் பிறந்ததிலிருந்து தொங்கியது வரை பாடுவதற்கு, ஞானமணியின் அப்பா காலத்திலிருந்தே வேதக்கார வீட்டு, அதாவது கிறிஸ்தவ வீட்டு ஆள்தான். பெரிய வெள்ளிக்கு ஒப்பாரி பாடிப் பழகிய தொண்டை என்பதால் அழவைக்கத் தெரியும் என்று ஊர் நம்பியது. ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் என்று, அன்று கோயிலில் வெட்டும் கிடாக்கறியை மட்டும் அவர் தொடமாட்டார். "கள்ளனைப் பாடுன வாய்க்குக் கள்ளன் கறி ஆகாதாக்கும்?" என்று சடையாண்டி வம்சத்தில் மூத்தவளான ஆயி வருசா வருசம் கேலி செய்வாள்.

கதையின் முடிவில் ஒரு வழக்கம் உண்டு. சடையாண்டி ஒளிந்திருந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தவன் பெயர் பெத்தன். அந்தப் பெயரை அவர் பாடியதும், கூட்டம் ஆளுக்கொரு பிடி மண் அள்ளி, எதிரே இருக்கும் பெத்தன் வம்சத்து வீட்டின்மேல் வீசும். பிறகுதான் கைகழுவி விளக்கேற்றுவார்கள். மண் விழாமல் விளக்குக் கிடையாது. அன்றைக்கு அந்த வீட்டார் கதவைப் பூட்டிக்கொண்டு பிள்ளையார்பட்டிக்குப் போய்விடுவார்கள்.

தொண்ணூற்று மூன்றில் அந்த வீட்டு மலையம்மாள் சங்கத்துக்கு வந்தாள். கையில் உரப்பை இல்லை.

"ஐயா, எம்மக சத்தியப்பிரியாவுக்குத் தேவகோட்டைப் பக்கம் மாப்பிள்ளை பாத்துருக்கோம். அவுக அப்பாவை நம்ம ஊர்த் தலைவர் கிடாவெட்டுக்குக் கூப்பிட்டுப்பிட்டாரு. இந்த வருசம் அந்தப் பேரை மட்டும் விட்டுட்டுப் பாடுறீகளா?"

"நான் விட்டாலும் கூட்டம் விடாதே தாயி. விளக்கேத்தணும்ல."

"அப்ப எங்க செவுத்துல மண்ணு விழுகிறதைச் சம்பந்தக்காரவுக பாத்துட்டுப் போகட்டும். அதுக்கப்புறம் அவுக எங்குட்டு வரப்போறாக."

அவள் அழவில்லை. போய்விட்டாள். ஞானமணிதான் அன்று ஒரே மூட்டையை இரண்டு தடவை நிறுத்தார். சடையாண்டி பாதையில் நாலு பேரை வெட்டியவன். அதையும் அவரேதான் பாடுகிறார். அவனுக்கு ஊர் அழுகிறது. ஒருவார்த்தை சொன்ன பெத்தனுக்கு மட்டும், அவன் பேத்திக்குப் பேத்தி வரைக்கும் மன்னிப்பில்லை. இயேசுவைக் காட்டிக் கொடுத்த யூதாசுக்குப் பேரன் பேத்தி இருந்தார்களா என்று எந்தச் சாமியாரும் பிரசங்கத்தில் சொல்லி அவர் கேட்டதில்லை. இருந்திருந்தால், பெரிய வெள்ளிக்கு அவர்கள் எங்கே போய் உட்கார்ந்திருப்பார்கள்?

கிடாவெட்டு அன்று மாப்பிள்ளையின் அப்பா முன்வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். ஞானமணி பாடினார். தூக்குமரத்தடியில் சடையாண்டி தாயைத் தேடும் இடத்தில் அந்த மனுசனும் கண்ணைத் துடைத்தார். உடுக்கை வேகம் பிடித்தது. காட்டிக் கொடுத்தது யார் என்று ஞானமணி கேட்க, கூட்டம் குனிந்து மண் அள்ளியது.

"ஞானமணி" என்று பாடினார்.

பின்பாட்டுக்கார அழகுசுந்தரம் ஜால்ராவை நிறுத்திவிட்டார்.

"என்னய்யா, பேரு மாறுது?" என்றார் தலைவர்.

"வெள்ளைக்காரன்கிட்டச் சொன்னது இன்னார்னு நேருல பாத்தவுக யாரும் இருந்தா கையைத் தூக்குங்க. இல்லேன்னா எம்மேல போடுங்க. சாமிக்கு மண்ணு விழுகணும், அம்புட்டுத்தானே."

சொல்லிவிட்டு உடுக்கையைக் கீழே வைத்தார். இனி அந்த வாசலில் நிற்கவிடுவார்களோ என்னவோ. ஆயி அவரையே பார்த்தாள். பிறகு பெத்தன் வீட்டுச் சுவரைப் பார்த்தாள். அவள்தான் முதலில் நடந்துவந்தாள்.

"யூரியாவுல எடை குறைச்சதுக்கு இது," என்று அவர் நெஞ்சில் மண்ணை வீசினாள்.

கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே வீசியது. விவரம் தெரியாத சம்பந்தக்காரரும் ஒரு பிடி வீசினார். தலையெல்லாம் செம்மண்ணாக ஞானமணி நிற்க, விளக்கேற்றினார்கள். வைகாசியில் கல்யாணம் நடந்தது.

அடுத்த வருசம் பெத்தன் பெயரைப் பாடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஞானமணிமேல் மண் வீசும்போது ஆளாளுக்கு ஒரு குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. கடன் மனு தாமதம், விதைநெல்லில் சாவிப் பதர். மலையம்மாளும் பிள்ளையார்பட்டிக்குப் போவதை விட்டுவிட்டு, கூட்டத்தின் ஓரத்தில் வந்து நின்றாள். ஒருதடவைகூட அவள் மண் எடுத்ததில்லை.

தொண்ணூற்றெட்டில், ஆவணி பிறந்ததும், மாரடைப்பில் ஞானமணி போனார். கல்லறைத் தோட்டத்தில் குழியைச் சுற்றி செம்பாறைப்பட்டியே நின்றது. சாமியார் செபம் சொல்லி முடித்ததும், வேதக்காரர் முறைப்படி எல்லோரும் ஆளுக்கொரு பிடி மண் போடலானார்கள். ஆயியும் குனிந்து அள்ளினாள். அள்ளிய கை விரியவில்லை. மூடிய கையோடு அப்படியே நின்றாள். பின்னால் வரிசை நின்றுபோனது.

மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்த மலையம்மாள், குனிந்து ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு ஆயி பக்கத்தில் போனாள்.

"போடுங்கக்கா," என்றாள். "அவருக்குப் பழக்கந்தான்."