வாப்பா போட்ட என் கையெழுத்து

"நானா, கழகத்த விட்டுப் போகவா, இரிக்கவா?" என்று, என்னை அண்ணன் முறை வைத்துக் கேட்டு வரும் பொடியன்களுக்கு நான் யோசிக்காமல் சொல்லும் பதில், "போ" என்பதுதான். இதற்காக மூத்தவர்கள் என்னைத் திட்டுகிறார்கள். திட்டட்டும். பாயில் உட்கார்ந்தது அவர்களில்லை.

பாய் என்றால் மெய்யாகவே பாய். கற்பிட்டி வீதியில் எங்கள் குடியேற்றத்துக்குப் பின்னால் இருந்த மணல் மைதானத்தில் உட்கார வாங்கு கிடையாது. ஆட்டத்தில் இடம் கிடைக்காதவர்கள் கோட்டுக்கு வெளியே ஒரு கிழிந்த பாயை விரித்துக்கொண்டு உட்காருவோம். நாலு பேர். எல்லோருக்கும் இருபது வயதுக்குள். மூன்று பருவம் அதில் உட்கார்ந்து மற்றவன் ஓடுவதைப் பார்த்தேன். காலில் சப்பாத்து, நாடா இறுக்கிக் கட்டியபடி. வீட்டுக்கு வந்து அவிழ்க்கும்போது அடியில் ஒரு பொட்டு மண் இருக்காது. பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

எங்கள் உதைபந்துக் கழகத்துக்கு மன்னாரில் விட்டுவந்த ஊரின் பெயர். தொண்ணூறில் யுத்தத்தில் துரத்தப்பட்டு வந்து, அகதி முகாமின் ஓலைக் கொட்டில்களுக்கு நடுவில் பந்து உதைத்த பிள்ளைகளுக்காக வாப்பா தொடங்கியது. தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் செயலாளர். அந்தப் பிள்ளைகள் நான் வளர்ந்த காலத்தில் முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தார்கள், ஆனால் ஒருவரும் மைதானத்தை விட்டு இறங்குவதாயில்லை. தலைவர் என் உம்மாவின் தம்பி. நான் விளையாட வேண்டிய இடதுபக்க இடமும் அவருடையதுதான். வயிறு முன்னால் ஓடும், மாமா பின்னால் ஓடுவார். கேட்டால், "பொறு மருமகன், ஒன்ட காலம் வரும்" என்பார்.

யுத்தம் முடிந்து மன்னார்ப் பாதை திறந்ததும் பாதிக் குடும்பங்கள் ஊருக்குத் திரும்பப் பதிந்தன. கழகம் கலைந்துவிடுமோ என்ற பயத்தில் மூத்தவர்கள் இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

மாமா ஒரு கலியாணத்துக்குப் போன நாளில்தான் எனக்கு அந்த இடம் கிடைத்தது. இரண்டு கோல் போட்டேன். ஆட்டம் முடிந்ததும் எதிரணியான பாலாவிக் கழகத்தின் பயிற்றுநர் என்னைக் கூப்பிட்டார். லொறி ஓட்டுகிற மனுசன், சுற்றி வளைக்கத் தெரியாது.

"தம்பி, எங்கட பக்கம் வந்தா முதல் நாளே இறங்கலாம். வருஷக் கடைசில மாவட்ட இளைஞர் அணிக்குத் தெரிவு இரிக்கு. வயசு என்ன?"

சொன்னேன்.

"அப்ப இதான் ஒனக்குக் கடைசி வருஷம். விளங்குதா?"

விளங்கியது. அவருடைய லொறியின் முன்பக்கத்தில் படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். புதிய பருவத்துக்குப் பழைய கழகத்தில் பதியாமல் இருந்தால் யாரிடமும் விடுவிப்புக் கடிதம் கேட்டு நிற்கத் தேவையில்லை. எனவே வீட்டில் வாயே திறக்கவில்லை. எங்கள் கழகத்தின் படிவம் வரும்போது கையெழுத்துப் போடாமல் விடுவேன், அவ்வளவுதான் என்று கெட்டித்தனமாக நினைத்துக்கொண்டேன்.

ஆனால் எங்கள் வீட்டில் ஒரு படிவத்திலாவது நான் கையெழுத்துப் போட்டதில்லை என்பதை எப்படி மறந்தேன்?

முகாம் காலத்தில் படிவம் வராத மாதமில்லை. நிவாரணம், வாக்காளர் பதிவு, வீட்டுத் திட்டம், பிறகு மீள்குடியேற்றம். எல்லோரும் வேலையை விட்டு வரிசையில் நிற்க முடியாது என்பதால், குடும்பத்தில் ஒருவர் எல்லோருக்கும் போட்டுவிடுவார். எங்கள் பக்கத்தில் அதைக் களவென்று ஒருவரும் நினைத்ததில்லை, அது தகப்பனின் வேலை. வாப்பா உம்மாவின் கையெழுத்தைப் போடுவார், என்னுடையதையும் போடுவார். என்னைவிட வடிவாகப் போடுவார். என் பாடசாலைப் படிவங்களில் என் கையெழுத்தாக இருப்பதெல்லாம் அவர் கைதான். அந்த வருடமும் வழமைபோல அலுமாரியிலிருந்து என் அடையாள அட்டைப் பிரதியை எடுத்து, படிவத்தை நிரப்பி, எனக்காகக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார்.

பத்தாம் நாள் புத்தளத்திலிருந்து உதைபந்து லீக்கின் கடிதம் வந்தது. ஒரே ஆளின் பெயரில் இரண்டு கழகப் படிவங்கள். ஞாயிற்றுக்கிழமை விசாரணை. இரண்டும் நான் போட்ட கையெழுத்தென்றால் எனக்கு ஒரு வருடத் தடை. ஒன்று இன்னொருவர் போட்டதென்றால், அந்தக் கழகம் பருவம் முழுவதும் வெளியே.

வாப்பா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பாலாவிக்குப் போட்டியா?"

"ஓம்."

"எனக்குச் செல்லல்லையே?"

"நீங்க எனக்குச் செல்லிட்டா போட்டீங்க?"

உம்மா அடுப்படியிலிருந்து வந்து வாப்பாவுக்கு முன்னால் நின்றார். "அவனுக்குக் கை இல்லையா?" என்று மட்டும் கேட்டார். வாப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு அஸர் தொழுகைக்குப் போய்விட்டார்.

ஞாயிறு வர நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளும் வாப்பாவும் நானும் ஒரே சஹன் தட்டில் சாப்பிட்டோம், ஒரு வார்த்தை கதைக்கவில்லை. 'மகன், உண்மையச் செல்லு' என்றோ, 'கழகத்தக் காப்பாத்து' என்றோ ஒன்றைச் சொல்லித் தொலைத்தால் சண்டையாவது பிடிக்கலாம். அவர் சொல்லவே இல்லை.

சொன்னது மாமா. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நேரே வீட்டுக்கு வந்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மருமகன், ரெண்டும் நான்தான் எண்டு செல்லிரு. ஒரு வருஷம்தானே."

"ஒரு வருஷம்தானேயா? மாமா, ஒங்களுக்குப் போன வருஷமும் ஒண்டு, வார வருஷமும் ஒண்டு. எனக்கு இது மட்டும்தான் இரிக்கு."

"கழகம் போனா ஊர்ட பேர் போயிரும்டா."

"அந்த ஊர நான் கண்ணால கண்டதில்ல. நான் கண்டதெல்லாம் பாய்தான்!"

மாமா எழுந்தே விட்டார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். உம்மா பிளேன்டிக் கோப்பையை நடுவில் நீட்டினார். அவர் குடிக்காமலே போனார்.

ஞாயிறு காலை நுரைச்சோலையில் பஸ் ஏறும்போது நான் முடிவெடுத்திருந்தேன். உண்மையைச் சொல்லப்போகிறேன். ஒரு பொய்யும் இல்லை, யாருடைய உரிமையையும் பறிக்கவில்லை, என் பெயரை நான் எழுதவில்லை என்று சொல்வது எப்படிப் பாவமாகும்? பஸ்ஸில் வாப்பா முன் ஆசனத்தில். மடியில் கழகத்தின் பைல். அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மாடி அறையில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர். ஒரு மூலையில் பாலாவிப் பயிற்றுநர், மறு மூலையில் வாப்பா. நடுவில் இருந்தவர் இரண்டு படிவங்களையும் எனக்கு முன்னால் தள்ளினார். ஒன்றில் என்னுடைய கோழிக் கிறுக்கல். மற்றதில் வாப்பா போட்ட என் கையெழுத்து, நிமிர்ந்து, அழகாக, கீழே ஒரு கோடும் இழுத்து.

"இதுல எது ஒங்கட?"

வாய் திறந்தேன். வாப்பாவைப் பார்த்தேன். அவர் பேனையின் மூடியைக் கழற்றினார், பூட்டினார், கழற்றினார். நான் ஒரு விரலை நீட்டினால் போதும், மூன்று அந்நியர்களுக்கு முன்னால் அவர் கள்ளக் கையெழுத்துக்காரன். என்னால் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று இன்றுவரை எனக்கே எரிச்சல்.

"ரெண்டும் என்ட" என்றேன்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். வாப்பா எழும்புவார், 'இல்ல, அது நான் போட்டது' என்பார் என்று அல்லாஹ் அறிய நம்பினேன். அவருக்கு நேரம் இருந்தது. மேசைக்காரர் எழுதி முடிக்கும்வரை நேரம் இருந்தது. வாப்பா குனிந்து பைலின் நாடாவைக் கட்டினார்.

ஒரு வருடத் தடை. அதன் பின் மாற விரும்பினால் பழைய கழகத்தின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். பாலாவிப் பயிற்றுநர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினார்.

திரும்பும் பஸ்ஸில் வாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பசிக்குதா மகன்? வடை வாங்கவா?" என்றார்.

"வாய மூடுங்க வாப்பா" என்றேன். வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான். பாலாவிச் சந்தியில் இறங்கி, உப்பளப் பக்கமாக வெயிலில் நடந்தேன். அழுதுகொண்டுதான் நடந்தேன், அதை மறைக்க என்ன இருக்கிறது?

மாவட்டத் தெரிவு என்னை விட்டுவிட்டு நடந்தது. அந்தப் பருவத்தில் நான் மைதானத்துப் பக்கமே போகவில்லை. பாயில் என்னோடு இருந்த மற்ற மூன்று பேரும் நடுப்பருவத்தில் ஒருவர் பின் ஒருவராக வீட்டுக்கு வந்து விடுவிப்புக் கடிதம் கேட்டார்கள். அதுவரை ஒருவருக்கும் கொடுக்காத கடிதம். வாப்பா மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார். மாமா வந்து கத்தினார். "போதும், விடு" என்று மட்டும் வாப்பா சொன்னது அறைக்குள் எனக்குக் கேட்டது. கேட்டும் எனக்கு ஆறவில்லை. அவன்களுக்குக் கிடைத்தது என் வருடத்தைக் கொடுத்து வாங்கியது.

அடுத்த பருவத்துப் படிவங்கள் வந்த அன்று வாப்பா என்னைக் கூப்பிட்டார். மேசையில் எங்கள் கழகத்தின் படிவம், வெறுமையாக. பக்கத்தில் என் பெயருக்கு ஒரு விடுவிப்புக் கடிதம், கீழே அவருடைய சொந்தக் கையெழுத்து. அதன் பக்கத்தில் பாலாவிக் கழகத்தின் படிவம். அதை அவரே போய் வாங்கி வந்திருந்தார்.

"எதுல வேணுமோ அதுல போடு" என்று பேனையை நீட்டினார்.

வாங்கவில்லை நான். "அண்டைக்கி ஏன் எழும்பல்ல?" என்று கேட்டேன்.

பேனையை மேசையில் வைத்தார். பிறகு, "பயந்துட்டேன் மகன்" என்றார்.

பாலாவிப் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். வாப்பா அதைத் திருப்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, செயலாளர் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் வடிவாப் போட்டிருக்கலாம்" என்றார்.