ஞாயிற்றுக்கிழமைத் தொப்பிகள்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துச் சாப்பல்டவுனில், தேவாலயத்துக்குக் கீழே இருந்த கூடத்தில், யூலலி லிபர்ட் பல வருடங்களாகத் கரீபியக் கடலின் நெவிஸ் தீவிலிருந்து தன்னைப்போலவே வந்த கிழடுகளுக்கு மதியச் சாப்பாடு போட்டுவந்தாள். பணம் அரசாங்கத்தினுடையது; நகரின் நெரிசலில் வாழும் கறுப்பு மக்களுக்கென்று ஒதுக்கிய மானியம். ஆண்டுதோறும் ஓர் அதிகாரி வந்து, இவர்கள் இன்னும் கஷ்டப்படுகிறார்களா என்று பார்த்துவிட்டுப் போவார். பட்டால் பணம் வரும், அவ்வளவுதான்.

கஷ்டத்துக்குக் குறைவில்லை. மிஸஸ் டயர் பனிக்காலத்திலும் ஹீட்டர் போடமாட்டாள். மிஸ்டர் ஹான்லி வாயில் வைக்கும் சூடான உணவு இது ஒன்றுதான். ஆனாலும் நெவிஸ்காரர்களின் வீம்பு இருக்கிறதே, வெளியாள் வருகிறான் என்றால் பட்டினி கிடந்தாவது பளபளவென்று நிற்பார்கள். அதனாலேயே அதிகாரி வரும் நாளை யூலலி அவர்களிடம் மூச்சுவிட்டதில்லை. பொத்தல் ஸ்வெட்டரோடு அவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அவர் போவார். மானியம் வந்துசேரும்.

இந்த வருடம் சொல்லிவிட்டாள். வேண்டுமென்றேதான் சொன்னாள்.

நெவிஸில் அவள் அக்காள் வீடு கட்டி, இவளுக்கென்று ஓர் அறையைப் பூட்டி வைத்திருந்தாள். "அடுத்த வருஷம் வரேன்" என்று எழுதி எழுதி யூலலிக்கே வெட்கமாகிவிட்டது. போகிறேன் என்று இந்தக் கிழடுகளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்குத் துணிச்சல் இல்லை. மானியம் நின்றால் கூடம் மூடப்படும், பழியும் அரசாங்கத்தின் தலையில் விழும். அப்புறம் யார் தடுக்கப்போகிறார்கள்?

அதிகாரி வந்தபோது கூடமே கல்யாண வீடாக இருந்தது. பெண்கள் தலையில் தேவாலயத்துக்கு மட்டும் போட்டுப்போகும் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பிகள், ஆண்கள் கழுத்தில் டை. மிஸஸ் டயர் கண்ணாடி அலமாரியில் பூட்டியிருந்த பீங்கான் தட்டுகளை எடுத்துவந்திருந்தாள்.

"எங்களுக்கென்ன தம்பி குறை? ராஜா மாதிரி இருக்கோம். நீங்க கூச்சப்படாம சாப்பிடுங்க" என்றார் ஹான்லி. அந்த இளைஞர் ஆட்டுக்கறிக் குழம்பை இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

வாசலில் அவர் குரலைத் தாழ்த்தினார். "இவங்களவிட ரொம்ப மோசமா இருக்கிறவங்க காத்துக்கிட்டு இருக்காங்க மேடம். மார்ச் மாசத்தோட நிறுத்தவேண்டி வரும்."

யூலலி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டாள். உள்ளே மனம் துள்ளியது. துள்ளியதற்காகக் கூசவும் செய்தது.

உள்ளே போய் விஷயத்தைச் சொன்னாள். ஹான்லிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"இவ்வளவுதானா? கூடத்தையே பிடுங்கிட்டானோன்னு பயந்துட்டேன். கூடம் பாதிரியாரோடது. அடுப்பு நம்மளது. ஆளுக்கொரு கை அரிசி கொண்டாந்தா போச்சு."

"யூலலிக்குச் சம்பளம்?" என்றாள் மிஸஸ் டயர்.

"சம்பளத்துக்கா அவ இங்க கிடக்கா? நீயே சொல்லு புள்ள, சம்பளத்துக்கா இருந்தே?"

எல்லாத் தொப்பிகளும் அவள் பக்கம் திரும்பின. அக்காளின் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இதுதான் தருணம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"இல்ல" என்றாள்.

கிழடுகள் கைதட்டின. மிஸஸ் டயர் அவள் கன்னத்தைத் தடவினாள். "கவர்மென்ட்டுகூட வருஷா வருஷம் வந்து, வேணுமா வேண்டாமான்னு பாத்துச்சு. நாங்க அதெல்லாம் பாக்கமாட்டோம் கண்ணு. நீ சாகுற வரைக்கும் இங்கதான்."

யூலலி சிரித்து வைத்தாள். பிறகு பீங்கான் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு, கழுவுவதற்கு உள்ளே போனாள்.