தையல் மெஷின் வேண்டாம் என்ற அம்மா

அம்மாவின் முதலாண்டு நினைவாக வரும் இந்த மலரின் அட்டையைப் பார்த்ததும், "படத்தில் சிரிக்கவே இல்லையே" என்று நினைத்திருப்பீர்கள். அது வங்கி அடையாள அட்டைக்கு எடுத்த படம். எங்கள் அம்மா நாள் முழுக்கச் சிரிப்பார்கள், கேமராவைக் கண்டால் மட்டும் முகம் இறுகிவிடும். அம்மா இல்லாத இந்த முதல் வருடத்தில் அந்தச் சிரிப்புச் சத்தத்துக்குத்தான் வீடு ஏங்குகிறது.

வல்லத்திராக்கோட்டையில் விவசாயக் குடும்பத்தில் மூன்றாவது பெண்ணாகப் பிறந்தார்கள். "மூணும் பொண்ணா" என்று துக்கம் விசாரிப்பதுபோல வந்துபோனவர்கள், அம்மா வங்கித் தேர்வில் வென்றபோது இனிப்பு கேட்டு வந்தார்களாம். கல்யாணமாகிப் புதுக்கோட்டைக்கு வந்த பிறகு காலைச் சமையல் அப்பாவுடையது. அம்மா கீரனூர் வங்கிக் கிளைக்குப் போகும் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். யாராவது அப்பாவைக் கேலி செய்தால், "அவரு வச்ச கொழம்ப ஒருநா சாப்பிட்டுட்டு அப்புறம் பேசுங்க" என்பார்கள்.

பின்னாளில் அந்தக் கிளைக்கே அம்மா மேலாளரானார்கள். விருந்தினர் வந்தால் பெண் ஊழியர்கள்தான் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்க வேண்டும். அம்மா அதைக் கேஷியர் அண்ணன் கையில் கொடுத்தார்கள். கடன் கேட்டு வரும் பெண்களிடம் "வீட்டுக்காரரக் கூட்டிக்கிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்புவதும் அங்கே பழக்கம். அம்மா ஒரு வாரம், வந்த ஆண்களிடமெல்லாம் "வீட்டுக்காரம்மா வரலையா? அவங்களக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார்கள். அந்தப் பழக்கம் அத்தோடு போயிற்று.

வங்கியின் சமூகப் பொறுப்பு நிதியில் ஒவ்வோர் ஆண்டும் பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுத்து, வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள். அம்மாதான் முதன்முதலாக மகளிர் குழுவினரிடம், "ஒங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டார்கள். நார்த்தாமலையிலிருந்து வந்திருந்த செல்வி எழுந்தார். "மெஷினு ஏற்கெனவே சும்மா கெடக்குதும்மா. எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்கணும்." எல்லோரும் சிரித்தார்கள். அன்று அம்மா சிரிக்கவில்லை.

பெண்களுக்கு ஓட்டுநர் பயிற்சி தரலாம் என்று அம்மா எழுதியனுப்ப, வட்டார அலுவலகத்திலிருந்து அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார்.

"பொம்பளைங்க எங்கயாவது இடிச்சு வச்சா பேங்க் பேரு கெட்டுப்போகும் மேடம்."

"இத்தன வருசமா ஆம்பளைங்க இடிச்சதுல எந்த பேங்க் பேரு சார் கெட்டுச்சு?"

அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். அம்மாவுக்கு வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனது. அன்று வீட்டில் அம்மா அழுததை நான் பார்த்தேன். ஆனாலும் மறுபடி எழுதினார்கள். அடுத்து வந்த அதிகாரி சம்மதித்தார். பயிற்சி வண்டியில் அம்மாவும் பின்சீட்டில் ஏறிக்கொள்வார்கள். அம்மாவுக்கு ஓட்டவே தெரியாது. ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள்.

ஓய்வுக்குப் பின் அம்மாவை நோய் பிடித்தது. கவனித்த திருச்சி மருத்துவர்கள், ரத்தம் கொடுத்த கிளை ஊழியர்கள், அப்பாவைத் தனியே விடாத பக்கத்து வீட்டார், வந்து தோள் கொடுத்த உறவுகள், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

செல்விக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் இப்போது ஆம்புலன்ஸ் ஓட்டுநர். ஆஸ்பத்திரிக்கு அம்மாவை அழைத்துப் போனவர், கடைசி நாளில் அமரர் ஊர்தியையும் அவரே ஓட்டிவந்தார். இறுதி ஊர்வலத்தில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பெரியப்பா தயங்கினார். "சுடுகாட்டுக்குப் பொம்பளப்புள்ள வரக்கூடாதுத்தா. வேற டிரைவரக் கூப்பிடுவமா?"

"கூப்பிட்டா அம்மா எந்திரிச்சு சண்டைக்கு வந்துருவாங்கய்யா" என்றார் செல்வி. அந்த அழுகையிலும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீயே ஓட்டுத்தா" என்றார்.

மகளான நானும் செல்வியின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். தெருமுனையில் வண்டி நிற்கவில்லை. மயானத்தில் அம்மாவை இறக்குவதற்காகச் செல்வி ரிவர்ஸ் எடுத்தார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.