பந்தி பன்னியான மதியம்

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தேன். பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரைத் தள்ளிவிட்டு டிரான்சிஸ்டர் செட் ஒன்று வாங்கியிருந்தேன். வால்வு செட்டில் சத்தத்தைக் கூட்டினால் மெல்லக் கரகரக்கும். இதுவோ அளவு தாண்டியதும் ஒலியின் தலையைச் சீவிவிடும். எழுத்துக்கு எழுத்து வித்தியாசம் தெரியாது. அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் அம்மன் திருவிழா. வடக்குக் குப்பத்தோடு இருந்த பகை அப்போதுதான் தணிந்து, அவர்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். நண்பகல். ஊர்த் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"இன்னாப்பா, மொனகிகினு கீது? கடலாண்ட நிக்கிறவனுக்குக் கேக்க வேணா? ஏத்தி வையி."

"ஏத்துனா பேச்சு கெட்டுடும் தலைவரே."

அவர் முறைத்தார். நான் குமிழைக் கடைசிவரை திருகினேன்.

"வடக்குக் குப்பத்துப் பந்தி, வந்து குந்துங்க!" என்றார் அவர். நாலு குழாய் ஸ்பீக்கரிலும் வந்தது, "வடக்குக் குப்பத்துப் பன்னி, வந்து குந்துங்க!"

கரையில் நின்ற வடக்குக் குப்பத்துக்காரர்கள் துடுப்போடு வந்தார்கள். முதல் அடி தலைவரின் தம்பி முகத்தில் குறுக்காக விழுந்தது. சாம்பார் அண்டா கவிழ்ந்து, அதில் வழுக்கி விழுந்தவனை நாலு பேர் மிதித்தார்கள். ஒரு கட்டை என் முழங்கையில் இறங்கியது. எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. கீழே விழுந்த மைக் அத்தனை அலறலையும் ஊருக்கெல்லாம் ஒலிபரப்பியது. செட்டை நிறுத்தக் கை எழவில்லை.

பத்து நாள் கழித்து இரண்டு குப்பமும் கூடின. தலைவர் சத்தியம் செய்தும் யாரும் நம்பவில்லை. நான் கட்டுப்போட்ட கையோடு செட்டைக் கொண்டுபோய், குமிழை முழுக்கத் திருகி, வடக்குக் குப்பத்துப் பெரியவரையே 'பந்தி' என்று சொல்லச் சொன்னேன். அவர் குரலிலும் பன்னிதான் வந்தது.

தலைவரின் தம்பி எழுந்து வந்தார். ஒரு கண்ணில் கட்டு.

"இப்டி ஆவும்னு ஒனக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியும்ண்ணே."

"தெரிஞ்சுமா ஏத்துன?"

"ஆமா."

அறைந்தார். விழுந்தேன். உதட்டில் ரத்தம். யாரும் தடுக்கவில்லை, தடுத்திருந்தால் எனக்குத்தான் தாங்கியிருக்காது. அவர் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்து, இருந்த ஒரு கண்ணால் அழுதார்.

குப்பங்கள் அன்றே சமாதானமாயின. அவருக்கு அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை.