மேனேஜராக நடித்த நாள்

பேராவூரணிக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய் நார் ஆலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். மீட்டர் வைத்துப் பார்த்து, ஈரம் அதிகமுள்ள நார்க்கட்டுகளைத் திருப்பி அனுப்ப வேண்டியது என் பொறுப்பு. அனுப்பினால் லோடு தாமதமாகும். தாமதமானால் மேனேஜர் கத்துவான்.

ஒருநாள் நான் திருப்பிய ஒரு நார்க்கட்டை எட்டி உதைத்தான். பிரிந்த நார் என் முகத்தில் வந்து விழுந்தது.

"நாத்து நட வேண்டிய கையில மீட்டரைக் குடுத்தா இப்படித்தான். டிப்ளமா படிச்சிட்டா நீ பெரிய ஆளா? ஏய், நிமிந்து பாத்துப் பதில் சொல்லு."

கூட வேலை பார்த்த பெண்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் அம்மா நாற்று நட்டுத்தான் என்னைப் படிக்க வைத்தாள். நான் குனிந்து சிதறிய நாரை அள்ளினேன். ஆனால் அவன் பேசியது ஒரு சொல் விடாமல், எங்கே நிறுத்தி மூச்சு வாங்கினான் என்பது வரைக்கும் மனசில் பதிந்துவிட்டது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன்.

பிறகு சரக்கு எடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது. வேலை இடத்தில் மிரட்டலும் அடாவடியும் இல்லாமல் இருக்க எல்லாருக்கும் பயிற்சி கொடுக்க வேண்டுமாம். தஞ்சாவூரிலிருந்து ஒரு மேடம் வந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். முதலாளியும் வந்திருந்தார். கோபம் வந்தால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், குரலைத் தாழ்த்துங்கள் என்று மேடம் சொல்லச் சொல்ல மேனேஜர் தலையாட்டினான்.

"ரெண்டு பேர் வாங்க. அதிகாரி தொழிலாளியா நடிக்கணும், தொழிலாளி அதிகாரியா நடிக்கணும்" என்றார். மேனேஜர் சிரித்துக்கொண்டே எழுந்தான். நானும் எழுந்தேன்.

"என்ன வேணாலும் பேசலாமா மேடம்?"

"வழக்கமா இங்க என்ன நடக்குதோ அதைப் பேசுங்க."

முன்னாலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை எட்டி உதைத்தேன். அது அவன் காலடியில் போய் விழுந்தது. நாற்று நடும் கையில் ஆரம்பித்து, டிப்ளமா வரைக்கும் அப்படியே சொன்னேன். அவன் நிறுத்திய இடத்தில் நிறுத்தினேன். முதலில் சிரித்த பெண்கள் அடங்கிப் போனார்கள்.

"ஏய், நிமிந்து பாத்துப் பதில் சொல்லு."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். போதும் என்று மேடம் கை காட்டினார். நான் இன்னொரு முறை சொன்னேன், இன்னும் சத்தமாக. அவ்வளவு இனிப்பாக எதையும் நான் சாப்பிட்டதில்லை.

"இதெல்லாம் யாரு பேசுனது?" என்று முதலாளி கேட்டார்.

நார் பிரிக்கிற அக்கா ஒருத்தி உட்கார்ந்தபடியே சொன்னாள்: "தினம் நாங்க கேக்கறதுதாங்க."

அன்றிலிருந்து ஆட்களை மேய்க்கும் பொறுப்பு அவனிடமிருந்து போயிற்று. ஒருநாள் என் மேசைக்கு வந்து, "எல்லார் முன்னாடியும் என்னை அசிங்கப்படுத்திருக்க வேணாம்" என்றான்.

"உங்க பேச்சுதான் சார். நான் எதையும் சேக்கல."

கொஞ்ச நாளில் வேறு ஆலைக்குப் போய்விட்டான். அவனுக்காகவும் ஜெபம் பண்ணு, அப்போதுதான் மனசு ஆறும் என்றாள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முழங்கால் போட்டேன். போன இடத்தில் அவனைப் போலவே ஒருத்தன் அவனுக்கு மேனேஜராக வாய்க்கணும் என்று உருகி ஜெபித்தேன். அம்மா சொன்னது சரிதான். மனசு ஆறிவிட்டது.