பாறைச் சாமியின் வடம்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஒக்ரோபர் மாதம், யப்பானின் தென்கடற்கரையில் நடந்தது இது. மகள் டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் படிப்பை முடித்த சந்தோஷத்தில் நானும் அவளும் சுற்றுலா போயிருந்தோம். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. காட்டு வழியே நடந்து ஓர் அருவியைக் கும்பிட்டோம். வைக்கோல் கயிறு சுற்றிய பழைய மரங்களைப் பார்த்தோம். அந்தப் பக்கத்தில் மலை, மரம், நீர் எல்லாமே சாமிதான். எனக்கு ஒன்றும் புதிதாகப் படவில்லை. “இதெல்லாம் எங்கட ஆக்களுக்குத் தெரிஞ்ச விசயம்தானே” என்று மகளுக்கு வகுப்பெடுத்துக்கொண்டே வந்தேன். அவள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ஒரு கடலோரக் கோயிலுக்குப் போனோம். கட்டடமும் இல்லை, விக்கிரகமும் இல்லை. இரண்டு பனை உயரத்தில் ஒரு வெள்ளைப் பாறை, அதுவே தெய்வம். அன்று அங்கே திருவிழா. வைக்கோலில் திரித்த நீண்ட வடத்தின் ஒரு நுனியைப் பாறை உச்சியில் கட்டி, மறுநுனியைச் சனங்கள் பிடித்துக் கடற்கரை வரைக்கும் கொண்டுபோவார்கள். அதைத் தொட்டால் தெய்வத்தையே தொட்ட மாதிரியாம். வெளியாரும் பிடிக்கலாம் என்றார்கள்.

வடம் என்றதும் எனக்குக் கை துருதுருத்தது. டென்மார்க்கில் எங்கள் கோயில் தேர் இழுக்கும்போது, பத்து வருடத்துக்கு மேலாக முன்வரிசையில் நிற்பவன் நான். சனம் களைத்து வடம் தொய்ந்தால், சத்தம் போட்டு உசுப்பி இழுக்க வைப்பது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

இங்கேயும் முன்னால் இடம் பிடித்துவிட்டேன். மெதுவாகப் போய்க்கொண்டிருந்த வடம் பாதிவழியில் நின்றது. பாறையடியில் ஒருவர் வெள்ளைக் கொடியைத் தூக்கினார். எல்லாரும் கையைத் தளர்த்தினார்கள். களைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். விடுவேனா! “அரோகரா!” என்று அடிவயிற்றிலிருந்து கத்தி, குதிக்காலை ஊன்றி இழுத்தேன். பக்கத்தில் நின்ற சுற்றுலாக்காரர்களும் உற்சாகத்தில் சேர்ந்து இழுத்தார்கள். வடம் விண்ணென்று நிமிர்ந்தது.

மேலேயிருந்து ஓர் அலறல் கேட்டது.

விடச்சொல்லி மகள் டேனிஷில் கத்தினாள். திருவிழாச் சட்டை போட்ட ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்து மேலே காட்டினார். பாறை விளிம்பில் ஒருவர் முழந்தாளில் குனிந்திருந்தார். வடம் கல்லில் சிக்கியிருக்கிறது. அதை எடுத்துவிடத்தான் கொடி காட்டி நிறுத்தியிருக்கிறார்கள். நான் இழுத்த இழுப்பில் அவருடைய கை வடத்துக்கும் பாறைக்கும் நடுவில் அகப்பட்டுவிட்டது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் ஆளே கீழே வந்திருப்பார்.

கையை விட்டேன். வெட்கத்தில் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, “பிள்ளை, வா போவம்” என்றேன். மன்னிப்புக் கேட்காமல் ஒரு அடி நகரமாட்டேன் என்று அவள் டேனிஷிலேயே சொல்லிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மேலே சிக்கை எடுத்துவிட்டார்கள், கொடி இறங்கியது. அந்தப் பெண் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். ஏசத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய், திரும்பவும் வடத்தின் மேல் வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடற்கரை வரைக்கும் பாறை உச்சியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

விழா முடிந்து அந்த மனிதர் இறங்கி வந்தார். வலது கையில் துணி சுற்றியிருந்தது. நான் கைகூப்பினேன். மகள் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்க, அந்தப் பெண் அவருக்கு எடுத்துச் சொன்னார். அவர் குனிந்து வணங்கிவிட்டு, சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். இவ்வளவு பலமான ஆள் அடுத்த முறை மேலே வந்து நிற்கட்டும், அங்கே இருந்து பார்த்தால் எல்லாம் விளங்கும் என்றாராம்.

“கேட்டீங்களோ அப்பா?” என்றாள் மகள், தமிழில்.

“ஓம் பிள்ளை, கேட்டன்.”

என் பலத்தில் எனக்கு இன்றும் நம்பிக்கை குறையவில்லை. ஆனால் துணி சுற்றிய அந்தக் கையைப் பார்த்த பிறகு, மறுநுனியில் யார் நிற்கிறார் என்று பார்க்காமல் நான் எதையும் இழுத்ததில்லை.